போன கிருமி திரும்பி வருமா?

இரவு 2 மணி.

ஊர் உறங்குகிறது. ஒருவர் மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சுக் குழிக்குக் கீழே எரிகிறது. சூட்டுக்கோலை வைத்து அழுத்துவது போல வலி. மெல்ல அடுப்படிக்குப் போகிறார். ஒரு டம்ளர் பாலை எடுத்துக் குடிக்கிறார். வலி சற்று அடங்குகிறது.

மனைவி விழித்துக் கொள்கிறாள்.

"என்னங்க, மறுபடியும் வலியா?"

"ஆமாம்."

"கிருமி செத்துவிட்டது, இனி பயம் இல்லை என்று போன வருஷமே டாக்டர் சொன்னாரே?"

அவரிடம் பதில் இல்லை.

நம் நாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு. வயிற்றுப் புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிறார்கள். வலி போகிறது. ஓர் ஆண்டு நன்றாக இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் இரவு பழைய வலி வந்து கதவைத் தட்டுகிறது.

செத்த கிருமி எப்படித் திரும்பி வந்தது? ஒளிந்து இருந்ததா? அல்லது, இது வேறு கிருமியா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதை சுவையானது. அது ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. தென் அமெரிக்கா போகிறது. சீனக் கடலோரத்துத் தீவுகளில் முடிகிறது.

அமிலத்தில் வாழும் கிருமி

நம் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. சாப்பிட்ட உணவைக் கரைக்கும் வலுவுள்ள அமிலம் அது. உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் விழுந்து செத்துப் போகும்.

ஒரு கிருமி மட்டும் சாகாது. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. பெயர் நீளம். உருவமோ மிக மிகச் சிறியது. திருகாணி போல முறுக்கிக் கொண்டிருக்கும். ஒரு முனையில் வால்கள் உண்டு. வாலைச் சுழற்றி நீந்தும்.

இது சாகாமல் இருப்பது எப்படி? நம் உடம்பில் யூரியா என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. (ஆமாம், வயலுக்குப் போடுகிறோமே, அதே பொருள்தான்.) இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அம்மோனியா, அமிலத்தின் வேகத்தைக் குறைத்து விடுகிறது. தன்னைச் சுற்றி ஒரு வேலி போட்டுக் கொள்வது போல!

பிறகு அது இரைப்பையின் சுவரை நோக்கி நீந்துகிறது. அந்தச் சுவரின் மேல் வழுவழுப்பான சளிப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் புகுந்து குடியேறுகிறது. ஒருமுறை குடியேறினால், மருந்து சாப்பிடாதவரையில், அநேகமாக ஆயுள் முழுவதும் அங்கேதான்.

உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. உடனே யாரும் வயிற்றைப் பிடித்துக் கொள்ள வேண்டாம். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்குப் புண் உண்டாகிறது. மிகச் சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு இரைப்பையில் புற்று நோய் வருகிறது. ஆகவேதான், 1994-ம் ஆண்டில், புற்று நோயை உண்டாக்கும் காரணங்களின் பட்டியலில் இந்தக் கிருமியையும் சேர்த்தார்கள்.

குடித்துப் பார்த்தார்!

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்ற டாக்டர் வேலை பார்த்தார். நோயாளிகளின் இரைப்பையில் இருந்து கிள்ளி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. 1979-ம் ஆண்டில் ஒருநாள், சதையின் மேல் வளைந்து வளைந்து ஏதோ தெரிந்தது. "கிருமிகள்!" என்றார். மற்றவர்கள் நம்பவில்லை. "அமிலத்தில் கிருமி எப்படி வாழும்?" என்றார்கள்.

1981-ல் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்து கொண்டார். கிருமியைத் தட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். வளரவே இல்லை. இரண்டு நாள் பார்ப்பார்கள். ஒன்றும் முளைக்கவில்லை என்று தட்டை எறிந்து விடுவார்கள். ஒரு நோயாளி அல்ல, முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் தட்டுகள் இப்படிப் போயின.

1982-ல் ஈஸ்டர் பண்டிகை வந்தது. விடுமுறை. தட்டு ஒன்றை எறிய ஆள் இல்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், தட்டில் கிருமி வளர்ந்து இருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி. இரண்டு நாள் அதற்குப் போதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்போதும் உலகம் நம்பவில்லை. "புண்ணுக்குக் காரணம் காரம், கவலை, அமிலம்" என்றே டாக்டர்கள் சொல்லி வந்தார்கள். மார்ஷலுக்குப் பொறுக்கவில்லை. 1984-ம் ஆண்டில் கிருமி கலந்த நீரைத் தாமே எடுத்துக் குடித்து விட்டார். அப்போது அவருக்கு வயது 32. மனைவியிடம்கூட முதலில் சொல்லவில்லை!

சில நாட்களில் வாந்தி வந்தது. வாய் நாற்றம் அடித்தது. குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை சிவந்து வீங்கி இருந்தது. அங்கே அந்தக் கிருமி இருந்தது. பிறகு மருந்து சாப்பிட்டுக் குணம் அடைந்தார். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.)

2005-ல் வாரன், மார்ஷல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-ல் காலமானார்.

நம் கதைக்கு முக்கியமானது இந்தச் சாகசம் அல்ல. 1988-ல் அவர்கள் வெளியிட்ட ஒரு கணக்கு. குடல் புண்ணும் கிருமியும் உள்ள 100 பேருக்கு மருந்து கொடுத்தார்கள். ஓர் ஆண்டு கவனித்தார்கள். கிருமி போகாதவர்களில், ஆறிய புண் ஓர் ஆண்டுக்குள் திரும்பி வந்தது 100க்கு 84 பேருக்கு! கிருமி போனவர்களிலோ 100க்கு 21 பேருக்குத்தான் திரும்பி வந்தது.

அதுவரையில் குடல் புண்ணை டாக்டர்கள் தீராத நோய் என்று நினைத்தார்கள். ஆறும், வரும். ஆறும், வரும். இரைப்பையில் ஒரு பகுதியையே அறுத்து எடுத்தவர்களும் உண்டு. அந்த எண்ணத்தை இந்தக் கணக்கு மாற்றி விட்டது.

ஆனால் அந்த 21 பேர்? கிருமி போன பிறகும் அவர்களுக்குப் புண் ஏன் வந்தது? மூட்டு வலி மாத்திரை, ஆஸ்பிரின் போன்றவை கிருமி இல்லாமலே புண்ணை உண்டாக்கும். அது ஒன்று. மற்றொன்று, கிருமியே திரும்பி வருவது.

டாக்டர் கேட்ட கேள்விகள்

இரவு பால் குடித்தாரே, அவர் மறுநாள் டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக் கொள்வோம்.

"போன முறை 14 நாள் மாத்திரை கொடுத்தேனே, முழுவதும் சாப்பிட்டீர்களா?"

"பத்து நாள் சாப்பிட்டேன், டாக்டர். வலி நின்று விட்டது. மாத்திரை போட்டால் வாயெல்லாம் கசந்தது. மிச்சத்தை வைத்து விட்டேன்."

"ஒரு மாதம் கழித்துச் சோதனைக்கு வரச் சொன்னேனே?"

"வலிதான் போய் விட்டதே என்று வரவில்லை."

டாக்டர் பெருமூச்சு விடுகிறார். இவருக்குக் கிருமி திரும்பி வரவில்லை. அது போனதா என்பதே யாருக்கும் தெரியாது!

வலி போவது வேறு. கிருமி போவது வேறு. இந்த மருந்துகளில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இருக்கிறது. அது ஓரிரு நாளில் வலியைக் குறைத்து விடும். புண்ணும் ஆறத் தொடங்கும். கிருமியோ சளிப் பூச்சுக்கு அடியில் இன்னும் உயிரோடு இருக்கும். நான்காவது நாளில் சிரிப்பவர் பத்தாவது நாளில் மருந்தை நிறுத்துகிறார். மிஞ்சிய கிருமிகள் மெல்லப் பெருகுகின்றன. இப்படி ஒளிந்திருந்த பழைய கிருமி தலை தூக்குவது பெரும்பாலும் முதல் ஓர் ஆண்டுக்குள் நடக்கிறது.

14 நாளும் தவறாமல் சாப்பிட்டவருக்கும் சில சமயம் இது நேரும். காரணம், மருந்துக்குப் பழகிய கிருமி. மெட்ரோனிடசோல் என்ற மருந்தை நம் நாட்டில் வயிற்றுப் போக்கு என்றாலே வாங்கிச் சாப்பிடுகிறோம். சீட்டு இல்லாமலே கடைகளில் வாங்குகிறவர்கள் உண்டு. இதனால், வயிற்றில் குடியிருக்கும் கிருமி அந்த மருந்தைப் பல முறை பார்த்துப் பழகி விடுகிறது. இந்தியாவில் இந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிக அதிகம். கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்காதவையும் உலகம் எங்கும் பெருகி வருகின்றன.

மூச்சு காட்டிக் கொடுக்கும்

கிருமி போய்விட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. மூச்சுப் பரிசோதனை.

யூரியாவைக் கிருமி உடைக்கும் என்று சொன்னோம் அல்லவா? அந்தப் பழக்கமே அதைக் காட்டிக் கொடுக்கிறது. அடையாளம் வைத்த யூரியாவைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கிறார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்து ஒரு பைக்குள் ஊதச் சொல்கிறார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும். அடையாளம் வைத்த கரியமில வாயு மூச்சில் வெளியே வரும். கிருமி இல்லை என்றால் வராது. ஊசி இல்லை, குழாய் இல்லை, வலி இல்லை. மலத்தைச் சோதித்தும் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் நேரம் முக்கியம். கிருமி மருந்து முடிந்து 4 வாரமாவது ஆக வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அதற்கு முன் சோதித்தால் கிருமி மயங்கிக் கிடக்கும், சோதனையில் தெரியாது. "கிருமி இல்லை" என்று சீட்டு வரும். வீட்டில் பாயசம் வைப்பார்கள். சில மாதம் கழித்து அதே சோதனையில் "இருக்கிறது" என்று வரும். திரும்பி வந்து விட்டது என்று அழுவார்கள். உண்மையில் அது எங்கும் போகவே இல்லை!

இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் அதை எதிர்த்த அடையாளம் இரத்தத்தில் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் இருக்கும். திருடன் போன பிறகும் அவன் கால் தடம் முற்றத்தில் இருப்பது போல.

லிமா நகரில் நடந்தது

சரி, ஒருவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார். சரியான நேரத்தில் சோதித்தார். கிருமி இல்லை. அவருக்கும் திரும்பி வருமா?

வரும். அதைத் தெளிவாகக் காட்டியது பெரு நாட்டின் தலைநகரான லிமா.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெரிய நகரம் அது. மழை மிகக் குறைவு. ஏழைகளின் குடிசைகள் மணல் மேடுகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. பல வீடுகளுக்குக் குழாய் கிடையாது. 1991-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக்காக அங்கு 407 குழந்தைகளுக்கு மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 100க்கு 48 குழந்தைகளின் வயிற்றில் கிருமி இருந்தது.

ஏழைக் குழந்தைகளுக்கு அதிகம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத செய்தி ஒன்றும் வந்தது. பணக்கார வீடுகளிலும், நகரத்துக் குழாய்த் தண்ணீர் வந்த வீட்டுக் குழந்தைகளுக்கு, கிணற்றுத் தண்ணீர் வந்த வீட்டுக் குழந்தைகளைவிட 12 மடங்கு அதிகமாகக் கிருமி தொற்றி இருந்தது! மாடி வீடு, கார், வேலைக்காரர்கள் எல்லாம் இருந்தும், குழாயில் வந்ததைப் பணத்தால் தடுக்க முடியவில்லை.

அந்த நகரத்தில் பெரியவர்களுக்கு மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். 1997-ல் வெளிவந்த கணக்கு டாக்டர்களைத் திடுக்கிட வைத்தது. கிருமி ஒழிந்தவர்களில் 100க்கு 73 பேருக்கு, 8 மாதத்திற்குள் கிருமி மீண்டும் காணப்பட்டது!

பழைய கிருமியா? புதிய கிருமியா? ஆராய்ச்சியாளர்கள் இதற்கும் வழி கண்டார்கள். மனிதனுக்குக் கைரேகை போல, கிருமிக்கும் உள்ளே ஒரு ரேகை உண்டு. ஒருவர் வயிற்றில் உள்ள கிருமியும் வேறொருவர் வயிற்றில் உள்ள கிருமியும் ஒரே இனமானாலும் ரேகை மாறும். மருந்துக்கு முன் எடுத்த கிருமியின் ரேகையையும், திரும்பி வந்த கிருமியின் ரேகையையும் வைத்துப் பார்த்தால் தெரிந்து விடும். 2003-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் இப்படித்தான் பார்த்தார்கள். முன்பைவிட நல்ல மருந்துகள் கொடுத்திருந்தார்கள். அப்படியும் ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ 100க்கு 30 பேருக்குக் கிருமி வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது புதுக் கிருமி.

மருந்து தோற்கவில்லை. அது தன் வேலையைச் செய்து விட்டது. குணமானவர்கள் பழைய தெருவுக்கே, பழைய தண்ணீருக்கே திரும்பிப் போனார்கள்.

பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. வளர்ந்த நாடுகளில், கிருமி போனவர்களில் ஆண்டுக்கு 100க்கு 2 அல்லது 3 பேருக்குத்தான் அது திரும்புகிறது. வளரும் நாடுகளில் 100க்கு 13 பேர். வங்காள தேசத்தில் தனியாகச் செய்த ஆராய்ச்சியிலும் புதிதாகத் தொற்றியவர்கள் 100க்கு 13 பேர்தான். பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்கலாம். ஓர் ஆண்டில் 100க்கு 87 பேருக்குத் திரும்பி வரவில்லை!

வீட்டுக்குள் யார்?

தண்ணீர் மட்டும்தான் வழியா? இல்லை. ஆளிடம் இருந்து ஆளுக்குத் தொற்றுவதே முக்கிய வழி என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். வாந்தி, மலம், எச்சில் ஆகியவற்றின் மூலம் பரவுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றி விடுகிறது. தாயிடம் இருந்து பிள்ளைக்கு, அண்ணனிடம் இருந்து தம்பிக்கு. தாய் மென்று பிள்ளைக்கு ஊட்டும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான். கிருமிக்கு அன்பு தெரியாது.

இங்கே ஒரு வேடிக்கை. ஒரே குடும்பத்தில் உள்ளவர்களிடம் பெரும்பாலும் ஒரே ரேகையுள்ள கிருமி இருக்கும். கணவருக்குக் கிருமி போய், வீட்டில் வேறொருவரிடம் இருந்து மீண்டும் தொற்றினால், ரேகை பார்த்தவர்கள் "பழைய கிருமிதான்" என்று சொல்லி விடக்கூடும்!

இதனால், ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா என்ற யோசனை வந்தது. சீனாவில் நிபுணர்கள் 2021-ல் கூடிப் பேசி, ஒருவருக்குக் கிருமி இருந்தால் அதே வீட்டில் உள்ள பெரியவர்களையும் சோதிக்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். எல்லா நாட்டு டாக்டர்களும் இதை ஏற்கவில்லை. தொல்லை இல்லாத குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதை அநேகர் விரும்புவதில்லை. என் மனதுக்கு, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து சோதித்துக் கொள்வதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் முடிவு டாக்டருடையது.

தீவு முழுவதும் ஊதியது

ஊருக்கே மருந்து கொடுத்தால் என்ன? அதையும் ஓர் இடத்தில் செய்து பார்த்து விட்டார்கள்.

சீனக் கரைக்கு அருகே மாட்சு என்ற சிறு தீவுகள் இருக்கின்றன. தைவான் ஆட்சியில் உள்ளவை. அங்கு இரைப்பைப் புற்று நோய் மிக அதிகம். 2004-ல் தொடங்கி, 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் மூச்சுப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். மறுபடி சோதித்தார்கள். மீண்டும் மீண்டும், 2018 வரையில், இதையே செய்தார்கள்.

தொடக்கத்தில் 100க்கு 64 பேருக்குக் கிருமி இருந்தது. முடிவில் 100க்கு 15 பேர். புதிதாகப் புற்று நோய் காண்பவர்களும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள். கிருமி திரும்பித் தொற்றியவர்கள்? ஆண்டுக்கு 100க்கு ஒருவர்கூட இல்லை!

லிமாவில் கிருமி திரும்பி வந்தது, அடுத்த வீட்டில் அது இருந்ததால். மாட்சுவில் அடுத்த வீட்டிலும் குறைந்து விட்டது.

இரண்டாவது முறை

நம் நோயாளியிடம் வருவோம். டாக்டர் மூச்சுப் பரிசோதனை செய்தார். கிருமி இருந்தது.

"அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டு விடட்டுமா, டாக்டர்? பழைய சீட்டு வீட்டில் இருக்கிறது."

"வேண்டாம். ஒருமுறை தப்பிய கிருமிக்கு அதே மருந்தைக் கொடுத்தால் சிரிக்கும்."

இரண்டாவது முறை மருந்தை மாற்றுவதே இன்றைய வழக்கம். பிஸ்மத் என்ற பொருளோடு வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் கொடுக்கிறார்கள். மாத்திரைகள் அதிகம். பிஸ்மத் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுக்கும். அதைக் கண்டு மிரண்டு மருந்தை நிறுத்தக் கூடாது. ஆனால், பிஸ்மத் சாப்பிடாதபோது மலம் தார் போலக் கறுத்தால், அல்லது வாந்தியில் இரத்தம் வந்தால், அல்லது காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அது புண்ணில் இருந்து இரத்தம் கசிவதாக இருக்கலாம், அதைவிடப் பெரிய நோயாகவும் இருக்கலாம்.

டாக்டர் சீட்டு எழுதினார். நாள்காட்டியைப் பார்த்தார்.

"மருந்து முடிய இரண்டு வாரம். அதற்குப் பிறகு நான்கு வாரம். ஆக, இன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து வாருங்கள். கடைசி இரண்டு வாரம் அமில மாத்திரை வேண்டாம். வரும்போது வீட்டு அம்மாவையும் அழைத்து வாருங்கள்."

"அவளுக்கு வலி ஒன்றும் இல்லையே, டாக்டர்?"

"இருக்கட்டும். அவர்களும் ஊதிப் பார்க்கட்டும்."